போவதற்கும் இருப்பதற்கும் ஒரு சொல்

“போவதற்கும் அதே சொல். இருக்க விடுவதற்கும் அதே சொல். இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது, சிஃபு?”

தணிகாசலம் கேட்டார்.

சிஃபு கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“எந்தச் சொல்லு?”

“லீவ்.”

“லீவுன்னா பள்ளிக்கூடம் கிடையாது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

தணிகாசலம் சிரிக்கவில்லை. ஆறு வாரமாக அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

சிஃபு என்றால் சீனத்தில் குரு. ஈப்போ நகரத்துக்கு வெளியே, ஒரு சுண்ணாம்புக் குன்றின் குகைக்குள் சின்னதாக ஒரு புத்தர் கோயில். அந்தக் கோயிலையும் அதன் சமையற்கட்டையும் பார்த்துக்கொண்ட பிக்குணி அவர். ஹுய்சின் என்பது துறவறத்தில் வைத்த பெயர். வயது நாற்பத்திரண்டு.

தணிகாசலத்துக்கு அறுபத்தொன்று.

முப்பத்து மூன்று வருஷம் சீனப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகு ஒரு புத்தகம் எழுத உட்கார்ந்தார். சீனம் பேசும் பிள்ளைகளைத் தடுக்கி விழவைக்கும் நாற்பது ஆங்கில வினைச்சொற்கள். ஒவ்வொன்றுக்கும் என்னென்ன பொருள், எந்தப் பொருளுக்கு எந்தச் சீன எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம்.

சந்தையில் பேசும் சீனம் அவருக்கு வரும். எழுத வராது. நல்ல கையெழுத்துக்காரர் யார் என்று விசாரித்தபோது எல்லோரும் இந்தக் குகையைத்தான் காட்டினார்கள்.

முதல் நாள் தட்டுத் தடுமாறிச் சீனத்தில் தொடங்கினார். சிஃபு பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தமிழ்லயே சொல்லுங்க சார், வேலை சீக்கிரம் முடியும்” என்றார். ரப்பர் தோட்டத்துத் தமிழ். அட்சரம் பிசகவில்லை.

ஒரு சீனப் பெண்ணுக்கு அந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது என்று தணிகாசலம் கேட்கவில்லை. ஒரு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் வந்துபோகிறார். கேட்டதே இல்லை. அவருடைய கவனமெல்லாம் சொற்களில் இருந்தது.

முப்பத்தொன்பது சொற்கள் முடிந்துவிட்டன. நாற்பதாவதில் வந்து ஆறு வாரமாக வண்டி நிற்கிறது.

“போவதில் தொடங்கிப் பதினேழு பொருள் எழுதியிருக்கிறேன்” என்று தாளை நீட்டினார்.

சிஃபு கையைக் கழுவிக்கொண்டு வந்து வாங்கிப் படித்தார். பிறகு விரலைத் தண்ணீரில் நனைத்து, கீரை ஆயும் கல்லின்மேல் ஓர் எழுத்தை எழுதினார்.

“இது பிரிஞ்சு போறது. வலது பக்கம் பாருங்க, அது ஒரு குருவி.”

பக்கத்தில் இன்னொன்று எழுதினார்.

“இது தங்குறது, தங்க வைக்கிறது. அடியில இருக்கிற கட்டம் வயலு. வயலு எங்கயும் போகாது.”

“அதைத்தான் சொல்கிறேன். சீனத்தில் இரண்டும் எதிரும் புதிருமான சொற்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அவன் போனான் என்றாலும் லீவ். தொப்பியை வைத்துவிட்டுப் போனான் என்றாலும் லீவ். தட்டில் சோறு மிச்சம் இருக்கிறது என்றாலும் லீவ். என் பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் இங்கேதான் விழுகிறார்கள்.”

கல்லின்மேல் இருந்த குருவி காய்ந்து மறைந்தது. கொஞ்சம் பொறுத்து வயலும் மறைந்தது.

“எழுதித் தருவீர்களா?”

“மாட்டேன்.”

“ஏன்?”

சிஃபு தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“ரயில் ஆறு மணிக்குக் கிளம்புது. சாவியை மேசை மேல வச்சுட்டு வந்தேன். ஜன்னலைத் திறந்தே விடு. எல்லாம் பொய், சார்.”

“எடுத்துக்காட்டு வாக்கியம் அப்படித்தான் இருக்கும்.”

“யாருக்கும் நடக்காத வாக்கியம். நடந்தது ஒண்ணு கொண்டு வாங்க. எழுதித் தர்றேன்.”

முப்பத்தொன்பது சொற்களுக்கு இந்த நிபந்தனை இல்லை. அதைச் சொல்ல தணிகாசலம் வாயெடுத்தார். சிஃபு கீரைக்குத் திரும்பிவிட்டார்.

*

அடுத்த சனிக்கிழமை ஒரு வாக்கியத்தோடு வந்தார்.

“இன்று காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். நடந்தது.”

“சாயங்காலம் திரும்பிப் போவீங்களா?”

“போவேன்.”

“அப்ப அது வேண்டாம்.”

அதற்கு அடுத்த வாரம் இன்னொன்று.

“கண்ணாடியைப் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். முந்தாநாள் நடந்தது.”

“புதுசு வாங்கிட்டீங்க போல.”

“வாங்கிவிட்டேன்.”

“அதுவும் வேண்டாம்.”

தணிகாசலத்துக்குக் கோபம் வந்தது. முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளின் வாக்கியங்களைத் திருத்தியவர் அவர். அவருடைய வாக்கியத்தை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அன்று சொல்லிக்கொள்ளாமலே படியிறங்கினார்.

ஆனாலும் மறுவாரம் வந்தார். தாள் எதுவும் கொண்டுவரவில்லை. அவ்வப்போது மேலேயிருந்து நீர் சொட்டும் இடத்தைத் தவிர்த்து ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“என் மனைவி இறந்துபோனாள். எனக்கு ஒரு மகளை விட்டுச் சென்றாள்.”

சிஃபு கத்தியைக் கீழே வைத்தார்.

“மகளுக்கு அப்ப என்ன வயசு?”

“நான்கு.”

“நீங்கதான் வளர்த்தீங்களா?”

“நான்தான். தலை பின்னக்கூடக் கற்றுக்கொண்டேன்.”

“இப்ப எங்க இருக்கா?”

தணிகாசலம் குகையின் வாசலைப் பார்த்தார். வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது.

“போய்விட்டாள்.”

சிஃபு காத்திருந்தார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

“இதை எழுதலாம்” என்றார் சிஃபு. “ஆனா வாக்கியம் இன்னும் முடியல.”

*

மூன்று சனிக்கிழமை தணிகாசலம் வரவில்லை.

அச்சகத்திலிருந்து ஆட்கள் வந்து கேட்டுப் போனார்கள். முப்பத்தொன்பதோடு முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அட்டையில் நாற்பது என்று போட்டாகிவிட்டதே என்றார்கள்.

நான்காவது சனிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து கும்பிட வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, படியேறி வந்தார். சிஃபு பெரிய சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

தணிகாசலம் நின்றுகொண்டே சொன்னார்.

“அவள் பெயர் சுலோசனா. பதினொரு வருஷம் ஆகிறது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். கோக் வா என்று பெயர். கடிகாரம் பழுது பார்க்கிறவன்.”

“சீனன்.”

“ஆமாம்.”

“உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எல்லாருமே சீனப் பிள்ளைங்கதானே, சார்?”

“ஆமாம்.”

சிஃபு ஒரு சட்டியைக் கவிழ்த்தார். “ம். சொல்லுங்க.”

“நான் ஒரே ஒரு சொல்தான் சொன்னேன். ஆங்கிலத்தில்.”

சிஃபு எந்தச் சொல் என்று கேட்கவில்லை.

“அந்தப் பேச்சை விடு என்ற பொருளில்தான் சொன்னேன். பட்டியலில் பதினோராவது. அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடு, பிறகு பார்க்கலாம் என்று. அவள் தவறாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.”

“சொன்னதும் எழுந்து போயிட்டாளா?”

“இல்லை.”

“பின்ன?”

தணிகாசலம் சட்டைப் பையைத் தடவினார். பேனா இருந்தது. எடுக்கவில்லை.

“ஒரு கேள்வி கேட்டாள்.”

“என்ன கேட்டா?”

“‘எந்தப் பொருள்ல சொல்றீங்கப்பா?’ என்று கேட்டாள்.”

குகைக்குள் எங்கேயோ நீர் சொட்டியது.

“கிண்டலாக் கேட்டாளா?”

“இல்லை, சிஃபு. அவள் அப்படி வளர்ந்தவள். நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடும்போது இதுதான் விளையாட்டு. நான் ஒரு சொல்லைச் சொல்வேன். அவள் அதன் பொருள்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஏழு வயதிலேயே நான் மறந்ததை அவள் எடுத்துக் கொடுப்பாள். அன்றைக்கு அவள் நிஜமாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.”

“எவ்வளவு நேரம்?”

“சோறு ஆறிப்போகிற வரைக்கும்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒன்றும் சொல்லவில்லை.”

“பதினொண்ணுன்னு சொல்லியிருக்கலாமே.”

தணிகாசலம் வாயைத் திறந்தார். பதினொரு வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிவந்த பதில் ஒன்று இருந்தது. நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சிஃபு ஈரக்கையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதினொன்று இல்லை, சிஃபு” என்றார் தணிகாசலம். “முதலாவது.”

சொன்ன பிறகுதான், அதை இதுவரைக்கும் தான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்பது அவருக்கு உறைத்தது. முக்காலியைத் தேடிக் கை பின்னால் போனது. கிடைக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

சிஃபு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். தானும் எதிரே ஒன்றைப் போட்டு உட்கார்ந்தார்.

“என்கிட்டயும் நடந்த வாக்கியம் ஒண்ணு இருக்கு” என்றார்.

*

“நான் பொறந்தது ஜப்பான்காரன் காலத்துல. எங்க, யாருக்குன்னு தெரியாது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அங்க ரப்பர் பால் எடுக்க மரம் சீவுற காத்தமுத்து, அங்கம்மான்னு ரெண்டு பேர். பிள்ளை இல்லாதவங்க. ஒருநாள் காலையில வேலைக்குப் பேரு குடுக்கப் போறதுக்காக அங்கம்மா லயத்து வீட்டுக் கதவைத் திறந்தாங்க. வாசப்படியில நான் இருந்தேன்.”

“குழந்தையாகவா?”

“இருபது நாள் இருக்கும்னு சொல்வாங்க. சாக்குத்துணியில சுத்தி வச்சிருந்துச்சாம். அழல. முழிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தேனாம்.”

அந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது என்று தணிகாசலத்துக்கு இப்போது தெரிந்தது. ஒரு வருஷமாகத் தெரியாமல் இருந்ததை நினைத்து முகம் சுட்டது.

“எனக்குச் செல்லக்கண்ணுன்னு பேர் வச்சாங்க. காது குத்தினாங்க. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல தமிழ் படிச்சேன். மூஞ்சியைப் பார்த்து யாராவது கேட்டா, ‘சீனத்தி வாசல்ல விட்டுட்டுப் போன பிள்ளை’ம்பாங்க. எனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் கிடையாது. அங்கம்மா என் அம்மா. அவ்வளவுதான்.”

சிஃபு கையைத் துடைத்துக்கொண்டார்.

“ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை, சீனப் புத்தாண்டுப் பெருநாள் அன்னிக்கு விடியக்காலையில, வாசப்படியில ரெண்டு ஆரஞ்சு இருக்கும்.”

தணிகாசலம் நிமிர்ந்தார்.

“சீனவங்க பெருநாளைக்கு ஆரஞ்சு குடுத்தா ரெண்டாத்தான் குடுப்பாங்க, தெரியுமில்ல. ஜப்பான்காரன் காலத்துல ஆரஞ்சு ஏது? ரெண்டு மரவள்ளிக்கிழங்கு இருந்துச்சாம். ஊரே கிழங்குக்கு அடிச்சுக்கிட்ட காலம் அது. சண்டை முடிஞ்சப்புறம் ஆரஞ்சு. ஒரு வருஷம் தவறல.”

“யார் வைத்தது என்று...”

“யாரும் பார்த்ததில்ல. அங்கம்மா பார்க்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கு மட்டும் விளக்கு ஏத்தாம, கதவைத் திறக்காம, வெளிச்சம் வர்ற வரைக்கும் உள்ளயே இருப்பாங்க. வர்றவங்க நிதானமா வந்து போகட்டும்பாங்க.”

சிஃபு கை துடைத்த துணியை மடித்து வைத்தார்.

“அப்புறம் வெள்ளைக்காரன் போட்ட அவசர காலம் வந்துச்சு, சார். உங்களுக்குத் தெரியும்.”

தணிகாசலத்துக்குத் தெரியும். அந்தக் காலத்தைப் பார்த்த யாருக்கும் மறக்காது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று, தோட்டங்களின் ஓரத்தில் வாழ்ந்த சீனக் குடும்பங்களை எல்லாம் ஒட்டுமொத்தமாகக் கொண்டுபோய் முள்கம்பி வேலிக்குள் குடிவைத்தார்கள். புதுக்கிராமம் என்று அதற்குப் பெயர். வாசலில் துப்பாக்கி. வெளியே போகிற ஒவ்வொருவரையும் ஆண், பெண் என்று தனித்தனியாக நிறுத்திச் சோதித்தார்கள். ஒரு பிடி அரிசி மடியில் இருந்தாலும் சிறைதான்.

“அந்த வருஷங்களில் நின்றுபோயிருக்கும்” என்றார் தணிகாசலம்.

“நிக்கல.”

“எப்படி முடியும்? வேலியைத் தாண்டி ஒரு கிழங்குகூட...”

“எனக்கும் தெரியல, சார். பக்கத்துப் புதுக்கிராமம் மூணு மைல். விடியறதுக்கு முன்னாடி வாசலைத் திறக்க மாட்டாங்க. சோதனை போடாம யாரையும் விட மாட்டாங்க. ஆரஞ்சு சின்னப் பொருளும் இல்ல. எப்படிக் கொண்டுவந்தாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் யோசிச்சுப் பார்க்கிறேன். ஒரு வருஷம் தவறல. ஒரு வருஷம்கூட ஒண்ணா இருந்ததில்ல. எப்பவும் ரெண்டு.”

  

அவருடைய தாளில் பதினேழு வரி இருந்தது. முதல் வரியில் போவது. இரண்டாவது வரியில் விட்டுச் செல்வது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டிருந்தார். அந்தக் கோட்டின்மேல் ஒருத்தி மடியில் எதையோ மறைத்துக்கொண்டு, துப்பாக்கிக்காரர்களைத் தாண்டி, இருட்டில் மூன்று மைல் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

அவர் முக்காலியிலிருந்து இறங்கினார். தரை ஈரமாக இருந்தது. பத்தொன்பது வயது இளையவரின் முன்னால், அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தார்.

சிஃபு தடுக்கவில்லை.

“ஒரு தடவையாவது பார்த்தீர்களா?”

“பார்த்தேன். பத்தொன்பது வயசுல. அங்கம்மா சொல்லை மீறிட்டு, தண்ணிப் பீப்பாய்க்குப் பின்னால குந்தி இருந்தேன். கொஞ்சம் வெளுக்கிற நேரம். ஒரு அம்மா வந்தாங்க. கறுப்புக் காற்சட்டை. ஒரு காலைச் சாய்ச்சு நடந்தாங்க. ஆரஞ்சைப் படியில வச்சாங்க. அப்புறம் உள்ளங்கையைக் கதவுல வச்சாங்க. தட்டல. சும்மா வச்சாங்க. ஜுரம் அடிக்குதான்னு பிள்ளை நெத்தியில கை வச்சுப் பார்ப்போமே, அந்த மாதிரி. கொஞ்ச நேரம் அப்படியே நின்னாங்க. அப்புறம் திரும்பி நடந்தாங்க.”

“கூப்பிட்டீர்களா?”

“இல்ல.”

“ஏன், சிஃபு?”

“என்னன்னு கூப்பிடறது? என் அம்மா அங்கம்மா உள்ள இருந்தாங்க. வந்தவங்களுக்கு என்ன பேர்? எனக்கு ஒரு சீனச் சொல்லுகூடத் தெரியாது. தமிழ்ல கூப்பிட்டா அவங்களுக்கு என்ன புரியும்? யோசிச்சுக்கிட்டே இருந்தேன். ரப்பர் மரத்துக்குள்ள போய் மறைஞ்சுட்டாங்க.”

குகைக்குள் எரிந்த ஊதுபத்தியின் சாம்பல் ஓசையில்லாமல் விழுந்தது.

“அடுத்த வாரமே இந்தக் கோயிலுக்கு வந்தேன். அப்ப இங்க இருந்த சிஃபுகிட்ட, எனக்குச் சீனம் சொல்லிக்கொடுங்கன்னு கேட்டேன். எதுக்குன்னு கேட்டாங்க. ஒருத்தரைக் கூப்பிடணும்னு சொன்னேன். முதல் நாளே அம்மாவுக்குச் சீனத்துல என்ன சொல்லுன்னு கேட்டுட்டேன்.”

“சொன்னார்களா?”

“சொன்னாங்க.” சிஃபு தணிகாசலத்தைப் பார்த்தார். “‘மா’.”

தணிகாசலம் அந்தச் சொல்லைத் தன் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

“அவ்வளவுதான், சார். மா. பீப்பாய்க்குப் பின்னால இருந்தப்பவும் அது என் வாயிலதான் இருந்துச்சு. நான் அம்மான்னு கத்தியிருந்தா போதும். திரும்பிப் பார்த்திருப்பாங்க.”

“அடுத்த வருஷம்?”

“அடுத்த வருஷம் பெருநாள் அன்னிக்குக் கதவைத் திறந்து வச்சுட்டு வாசப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அங்கம்மாவும் பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க. வெளிச்சம் வந்துச்சு. வெயில் வந்துச்சு. யாரும் வரல.”

“அதற்கு அடுத்த வருஷம்?”

“மூணு வருஷம் உட்கார்ந்தேன்.”

அதற்குமேல் சிஃபு அந்தக் கதையைச் சொல்லவில்லை. கழுவிக் கவிழ்த்த சட்டிகளிலிருந்து நீர் வடிந்து, இருவருக்கும் நடுவே மெல்ல ஓடிப் போனது.

வெகுநேரம் கழித்து தணிகாசலம் கேட்டார்.

“விட்டுப் போனார்களே என்று உங்களுக்குக் கோபமே வந்ததில்லையா?”

சிஃபு எழுந்தார். அடுப்படிச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

“பஸ் எத்தனை மணிக்கு, சார்?”

“ஐந்து மணிக்கு. டவுன் பஸ்.”

“அதைக் கேக்கல. உங்க மக எந்த ஊர்ல இருக்கா?”

தணிகாசலம் தரையிலிருந்து எழுந்தார். அவருக்குத் தெரியும். யாரோ எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதவர் போல இருந்துகொண்டு, தெருப் பெயர்வரைக்கும் மனதில் எழுதி வைத்திருந்தார்.

“தைப்பிங்” என்றார்.

“மூணரைக்கு ஒண்ணு இருக்கு” என்றார் சிஃபு.

*

தைப்பிங்கில் இறங்கும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில் ஒரு குடை வாங்கினார். காற்றில் அது இரண்டு தடவை பின்பக்கமாக மடங்கிக்கொண்டது. தெருவைக் கண்டுபிடிக்க யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சின்னக் கடை. சுவர் நிறையக் கடிகாரங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டியது. மேசைக்குப் பின்னால் ஒருவர் ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு குனிந்திருந்தார். நெற்றியில் முடி கொட்டத் தொடங்கியிருந்தது. பையன் என்று சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு இப்போது நாற்பதை நெருங்குகிற வயது.

“என்ன பழுது?” என்று சீனத்தில் கேட்டவர், நிமிர்ந்து பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

அவர் எழுந்து நின்றார். கையிலிருந்த சின்னத் திருப்புளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடியும் கையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு மாடிப்படியின் பக்கம் திரும்பி ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சுலோ என்றார். வீட்டில் தணிகாசலம் கூப்பிடுகிற மாதிரியே.

சுலோசனா பாதிப் படி இறங்கி வந்து நின்றாள்.

காதோரம் ஒரு கீற்று நரைத்திருந்தது. தலையைத் தானே பின்னியிருந்தாள், அவர் சொல்லிக்கொடுத்த மாதிரி இறுக்கமாக.

 

தணிகாசலம் வாசலுக்கு வெளியே, கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில் நின்றபடியே பேசினார். வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைச் செதுக்கிக்கொண்டு வந்திருந்தார். அது இப்போது ஞாபகத்தில் இல்லை.

“நீ ஒரு கேள்வி கேட்டாய்.”

அவள் படியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

“நான் பதில் சொல்லவில்லை. போ என்றுதான் சொன்னேன், சுலோ. வேறு பொருள் இல்லை. அதைத்தான் நினைத்தேன், அதைத்தான் சொன்னேன். தப்பு.”

கடிகாரங்களில் ஒன்று அடிக்கத் தொடங்கியது. அது முடிவதற்குள் இன்னொன்றும் தொடங்கியது. எல்லாம் அடித்து ஓயும்வரைக்கும் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

“தெரியும்” என்றாள் சுலோசனா.

“தெரியுமா?”

“சொன்னப்பவே தெரியும். மாத்திச் சொல்றதுக்கு உங்களுக்கு ஒரு வழி குடுக்கலாம்னுதான் கேட்டேன்.”

தணிகாசலம் தலையை ஆட்டினார். குடையிலிருந்து வடிந்த நீர் அவர் காலைச் சுற்றிக் குளமாகத் தேங்கியிருந்தது.

“சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்” என்றார். “மழை கொஞ்சம் விட்டதும் கிளம்பிவிடுகிறேன்.”

சுலோசனா மீதிப் படிகளை இறங்கினாள். மேசையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து, வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

“இந்த ஊர்ல மழை லேசுல விடாதுப்பா” என்றாள்.

அவர் கையிலிருந்த குடையை வாங்கி ஒரு உதறு உதறினாள். உள்ளே கொண்டுபோய், மாடிப்படிக்குக் கீழே நன்றாக விரித்துக் காயப் போட்டாள்.